போய்ச் சேர வேண்டியவர்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புது நோட்டு. கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் இரண்டு நாளில் வயிற்றுவலியாக மாறிப் போய்விடும். இந்த முறை அப்படி விடப்போவதில்லை.

இன்று ஆடி அமாவாசை. சீனர்களுக்கு ஏழாம் மாதம் பிறப்பதும் இன்றுதான். அவர்கள் நம்பிக்கைப்படி இன்று அந்த உலகத்துக் கதவு திறக்கிறது. ஒரு மாதத்துக்குச் செத்தவர்கள் வெளியே வந்து சாப்பாடு தேடி அலைவார்கள். அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நான் வேலை செய்வது பட்டர்வொர்த்தில் ஒரு காகிதக் கடை. செத்தவர்களுக்கு எரித்து அனுப்புகிற வீடு, காடி (கார்தான்), சட்டை, செருப்பு, கைப்பேசி எல்லாம் காகிதத்தில் செய்து விற்கிறோம். முன்பக்கம் முதலாளி ஆ செங் உட்கார்ந்திருப்பார். அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். பின்கட்டில் மூங்கில் சிம்பைக் கட்டிப் பசை தடவுவது நான். மூன்று வருஷமாக.

மதியம் சுகுணாவுக்குப் போன் போட்டேன். சுகுணா என் அத்தானின் இரண்டாம் மனைவி. "அத்தான் கடலுக்குப் போனாரா? அக்காவுக்கு எள்ளுத் தண்ணி இறைச்சாரா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. கோயில் கமிட்டி மீட்டிங்னு காலையிலேயே கெளம்பிட்டாரு."

என் அக்கா ரெங்கநாயகி போய் இரண்டு வருஷம் ஆகிறது. டெங்கிக் காய்ச்சல். ஐந்து நாள் காய்ச்சலோடு கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் "நடிக்கிறா" என்றவர் ஜெகதீசன் அத்தான். தலைத்திவசம்கூடக் கொடுக்கவில்லை. பத்தாம் மாதமே மாலை மாற்றிக்கொண்டார். பொட்டோடு போனவளுக்குப் புருஷன் வீட்டில்தான் படைக்க வேண்டும். என் வீட்டில் இலை போட்டால் அவள் வரமாட்டாள்.

அவளைப் பட்டினி போட்டிருக்கிறார். சும்மா விடமாட்டேன். இவ்வளவு எரிச்சலிலும் 'ர்' போட்டே எழுதுகிறேன், பழக்க தோஷம்.

ஆகஸ்ட் 6

பசை கொட்டிவிட்டது. தவுக்கே கத்தினார். இன்னும் கால்விரல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று கடையில் ஒரு கூத்து. ஒரு நடுவயது ஆள் தன் அப்பாவுக்கு இரண்டு மாடி வீடு வாங்கினார். வீட்டு வாசலில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவோம், தபால் முகவரி மாதிரி. வழக்கமாகத் தவுக்கேதான் எழுதுவார். இந்த ஆள் தானே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கி, அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் பெயரையே எழுதிவிட்டார். தவுக்கே பாய்ந்து சீட்டைப் பிடுங்கிக் கிழித்தார். அந்த ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நானும் தவுக்கேயும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இங்கே நம் பாஷையில் எழுதுகிறேன்.

"எழுத்துப் பிழைதானே தவுக்கே, இதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?"

"பிழையா? முதல் கட்டத்தில போய்ச் சேர வேண்டியவர் பேரு. ரெண்டாவது கட்டத்தில அனுப்புறவர் பேரு. உயிரோட இருக்கிறவன் பேரை முதல் கட்டத்தில எழுதினா, அங்க அவனுக்கு வீடு தயார். வீடு தயாரானா ஆளு குடிபோக வேண்டாமா?"

போய்ச் சேர வேண்டியவர். நம் பேச்சிலும் அதற்கு அதே அர்த்தம்தான். பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், கை வேலையில் நிற்கவில்லை. ஜெகதீசன் அத்தானுக்குச் சொந்த வீடு என்றால் ரொம்பப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 13

கழித்துப் போட்ட காகிதத்தையும் சிம்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்ட ஆரம்பித்துவிட்டேன். அத்தான் வீட்டைப் போலவே இருக்க வேண்டும். பச்சைக் கேட்டு, முன்னால் மீன் தொட்டி, வெள்ளைக் காடி. கமிட்டிக்குக் கட்டிக்கொண்டு போகிற ஜரிகை வேட்டிக்கு ஒரு தங்கக் காகிதம். சமையல்கட்டு ஜன்னல் கம்பியை மூன்று தடவை பிரித்துக் கட்டினேன், சரியாக வரவில்லை. அக்கா எந்நேரமும் அந்த ஜன்னலில்தான் நிற்பாள்.

ஆகஸ்ட் 15

அடுத்த வீட்டு பிலோமினா கஞ்சி கொண்டுவந்தாள். மேசைமேல் காகித வீட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றாள். "கடைக்கு" என்றேன்.

பேச்சு நீண்டுபோய்ச் செத்தவர்கள் பக்கம் வந்தது. அவர்கள் வேதத்தில் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். குழிமேல் பூவும் மெழுகுவத்தியும் வைத்து, உத்தரிக்கும் ஸ்தலத்தில் தவிக்கிற ஆத்மாக்களுக்காக மன்றாடுவார்களாம். தவிக்கிறவர்கள், பசிக்கிறவர்கள், அமாவாசைக்குத் தண்ணீர் கேட்டு வருகிறவர்கள். யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறார்கள்: செத்தவர்களுக்கு உயிரோடு இருக்கிறவர்கள் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காதவனுக்கு அவர்கள் பேய், கொடுக்கிறவனுக்குத் தெய்வம்.

"ஒங்க அக்காவைக் கடைசியா நான் இங்கதான் பாத்தேன் குணவதி. செவப்புப் பையைப் புடிச்சிக்கிட்டு ஒங்க கேட்டுல நின்னாங்க" என்றாள் திடீரென்று.

பிலோமினாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஏழாம் மாதத்துப் பௌர்ணமி. பசார் பக்கத்துத் திடலில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. முன்வரிசை நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை, அது வந்தவர்களுக்கு. அவர்களைப் பேய் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், "நல்ல சகோதரர்கள்" என்பார்கள். நாம் பாம்பை 'நல்லது' என்கிற மாதிரி.

தவுக்கே கச்சேரி ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தார். என் காகித வீட்டை, எல்லாரும் படையல் காகிதம் எரிக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மஞ்சள் சீட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் ஜெகதீசன் என்று நல்ல தடித்த எழுத்தில் எழுதினேன். அடுத்த கட்டத்தில் குணவதி. எரிப்பதற்கு முன் ஒரு படம் பிடித்தேன். பச்சைக் கேட்டுதான் முதலில் பற்றிக்கொண்டது.

மனசு நிறைந்து சாப்பிட்டேன். இரண்டு வருஷத்தில் இப்படிச் சாப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 19

அவருக்குத் தெரியாவிட்டால் அது என்ன பழி? படத்தை அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். கீழே, "அத்தான், வீடு தயார். முதல் கட்டத்தில் உங்கள் பெயர். விவரம் சீனர்களைக் கேளுங்கள்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 20

கூப்பிட்டார். கமிட்டியில் மைக் பிடித்தால் விடாத ஆள், வாய் குழறியது.

"குணா, என்ன வெளையாட்டு இது? யாரு சொல்லிக் குடுத்தா?"

"வெளையாட்டு இல்லத்தான். அக்காவுக்கு நீங்க ஒண்ணும் குடுக்கலை. அவ பசியோட நிக்கிறா. நீங்களாவது போயி பக்கத்துல இருங்க."

போனை வைத்துவிட்டார். நான் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன்.

செப்டம்பர் 3

ஏழாம் மாதம் முடிந்தது. கதவைச் சாத்திவிட்டார்களாம். சாத்தட்டும்.

செப்டம்பர் 11

சுகுணா பேசினாள். அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். காடியைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டாராம். கையில் இரண்டு கயிறு, இடுப்பில் ஒரு தாயத்து. சமையல்கட்டு ஜன்னல் பக்கமே போவதில்லையாம்.

"அவரு பயந்து போயிருக்காருக்கா. எனக்கும் பயமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லவா? வெள்ளிக்கிழமையானா நான் அவங்க படத்துக்கு முன்னாடி ஒரு கை சோறு வைப்பேன். அவருக்குத் தெரியாம."

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான். ரெங்கநாயகியைப் பார்த்ததே இல்லை. நீ எதற்கு வைக்கிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கு அவள்மீது எரிச்சலாக வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. அத்தான் கடலுக்குப் போனார்! ஐயர் வைத்து, அக்கா பெயரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர் படையலில் அக்காவுக்குத் தனி இலை, புதுச்சேலை வைக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். மூத்த தாரத்துக்கு வைத்துக் கும்பிட்ட சேலையை இளைய தாரம் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை.

பயத்தில் கொடுத்தால் என்ன, பாசத்தில் கொடுத்தால் என்ன? சாப்பிடுகிறவளுக்கு ருசி ஒன்றுதானே. ஜெயித்துவிட்டேன்.

அக்டோபர் 12

பேரங்காடியிலிருந்து பெரிய ஆர்டர். ஹாலோவீனாம். காகித எலும்புக்கூடு, வௌவால், பூசணித் தலை. இந்த வருஷம் அதுவும் தீபாவளியும் ஒரே நாளில் விழுகிறது. பிள்ளைகள் பேய் வேஷத்தில் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்களாம், கொடுக்காவிட்டால் குறும்பு செய்வார்களாம். தவுக்கே விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம நல்ல சகோதரர்களேதான். குடுத்தா போயிருவாங்க. குடுக்கலேன்னா தொல்லை. வெள்ளைக்காரன் மிட்டாய்ல முடிச்சிட்டான்."

எலும்புக்கூட்டுக்கு விலா எத்தனை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இடம் இருக்கிற வரைக்கும் ஒட்டினோம்.

அக்டோபர் 17

அத்தான் கூப்பிட்டார். எடுத்ததும் சிரிப்பு. இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"குணவதி, ஒன் படத்த இன்னிக்கித்தான் தைரியமா எங்க ஆபீஸ் சீனன்கிட்டக் காட்டுனேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அந்தச் சீட்டை வலது பக்கத்துலேர்ந்துதான் படிக்கணுமாம். வலது கட்டந்தான் மொத கட்டமாம். அதுல யாரு பேரு இருக்கு? ஒம் பேரு! அனுப்புனவன் எடத்துலதான் நான் இருக்கேன். வீடு ஒனக்குத்தான் கட்டியிருக்க. நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிரு."

ஓடிப்போய்க் கடையில் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துத் தவுக்கேயிடம் நீட்டினேன். எது முதல் கட்டம் என்று கேட்டேன். வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "வேற எதா இருக்கும்?" என்றார்.

மூன்று வருஷம் பின்கட்டிலேயே குந்தியிருந்துவிட்டேன். இடது பக்கம் ஆரம்பிக்கிற கை, இடது பக்கமே எழுதிவிட்டது.

அக்டோபர் 18

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை. இரண்டு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 24

சுகுணா என் வீட்டுக்குப் போய், பிலோமினாவிடம் விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்தாள். கையில் ஒரு மாம்பழக் கலர் பட்டுச்சேலை. அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது, அக்காவுக்குத் தனி இலை எல்லாம் வேண்டாம் என்கிறாராம். இவள் விடவில்லை. சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டாகிவிட்டது, இனி மாற்றினால் அசிங்கம் என்று மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"நீங்க வரணும்க்கா. அவங்களுக்கு என்ன புடிக்கும்னு சொல்றதுக்கு அந்த வீட்ல ஒரு ஆளு இல்ல. அவரைக் கேட்டா, 'எல்லாந்தான் திம்பா'ங்கிறாரு."

"நண்டு ரசம்" என்றேன். "வாழைப்பூ வடை. டீயில சீனி தூக்கலா."

எழுதிக்கொண்டாள். போகும்போது, "அவங்க கடைசியா ஒங்க வீட்டுக்கு வந்தாங்களாமே, அப்ப இதெல்லாம் செஞ்சு குடுத்தீங்களா?" என்றாள்.

பிலோமினாவின் வாயைத் தைக்க வேண்டும்.

அக்டோபர் 28

மகள் யாழினி ஜொகூரிலிருந்து வந்துவிட்டாள். மாப்பிள்ளை தீபாவளியன்று வருகிறார். நெய் உருண்டை பிடித்தோம். பெரியம்மாவின் படையலுக்குத் தானும் வருவேன் என்கிறாள். வேண்டாம், அலைச்சல் என்றேன். கேட்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தான் வீட்டுக் கூடத்தில் மூன்று படம், மூன்று இலை. அத்தானின் அப்பாவுக்கு ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் சுருட்டும். அம்மாவுக்கு வெற்றிலை. அக்காவின் படத்துக்கு முன்னால் மாம்பழக் கலர் சேலை, நண்டு ரசம், வடை, டீ. சொந்தக்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். அத்தானின் பெரியப்பா, கோயில் கமிட்டித் தலைவர், நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சூடம் காட்டுவதற்கு முன் அத்தான் ஆரம்பித்தார். "ஒரு கதை சொல்றேன் கேளுங்க. என் கொழுந்தியா எனக்குச் செய்வினை வைக்கப் போயி..." என்று சீட்டுக் கதையை மைக் இல்லாமலே முழங்கினார். "பால் காய்ச்சுறது எப்ப குணவதி, எங்களையெல்லாம் கூப்புடுவியா?" என்று முடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவின் படத்துக்கு முன்னாலேயே சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஆளைச் சாய்க்க என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை வீசினால் என் தலையிலும் விழும். யாழினி சமையல்கட்டு வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

"ஆமா, மொத கட்டத்துல என் பேருதான். தப்பு இல்ல. ரெண்டு பேரும் சேந்துதான் அனுப்பி வச்சோம். அக்கா சாவுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, காய்ச்சலோட பஸ்ஸேறி எங்கிட்ட வந்தா. 'ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, அவரு மாட்டேங்கிறாரு'ன்னா. அன்னிக்கிச் சாயந்தரம் எம்மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. காய்ச்சல்காரியை வீட்ல வச்சிக்கிட்டு நல்ல காரியமான்னு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு, நானே காடியில கொண்டாந்து இந்தக் கேட்டுல எறக்கி விட்டேன். அத்தான் நின்னுக்கிட்டிருந்தாரு. 'வந்துட்டியா, கமிட்டிக்காரங்க எட்டு மணிக்கு வர்றாங்க, கறி இன்னும் அடுப்புல ஏறல'ன்னாரு. நான் காடியை விட்டு எறங்கல. எறங்கியிருந்தா அவரை நியாயம் கேட்டிருக்கணும். அவ உள்ள போயி நாப்பது பேருக்கு சமைச்சா. அந்த ஜன்னல்ல நின்னு."

"பொய்!" என்றார் அத்தான். "இவ ஒரு பைத்தியக்காரி. பெரியப்பா, நம்பாதீங்க."

பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை. அக்காவின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆட்டுக்கறிக் கொழம்பா?" என்றார். "நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனே. அவதானே ஊத்துனா. கை நடுங்குச்சு. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

எழுந்தார். "இந்த வீட்ல இனி எனக்குக் கை நனைக்க முடியாதுப்பா. கமிட்டிக்கும் நீ வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். படையல் சோற்றைப் பங்காளிகள் சாப்பிட்டால்தான் படைத்ததாக அர்த்தம். ஒரு பருக்கைகூட யாரும் எடுக்கவில்லை. அத்தான் வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடிக் கையைப் பிடித்தார், யாரும் நிற்கவில்லை.

கடைசியில் சுகுணா மட்டும் அக்காவின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே தின்றாள். நான் உட்காரவில்லை. எனக்கு அந்த இலையில் உரிமை இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். கோயிலில் காலைப் பூசைக்கு அத்தானை உள்ளே கூப்பிடவில்லையாம், வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாராம். சுகுணா அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நினைத்ததைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டேன். இன்றைக்கு நான் துள்ளிக் குதிக்க வேண்டும்.

சாயந்தரம் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் எலும்புக்கூடு சட்டை போட்டுக்கொண்டு வந்து முறுக்கும் மிட்டாயும் கேட்டார்கள். தட்டோடு கொடுத்துவிட்டேன்.

யாழினி மாப்பிள்ளையோடு பேசுகிறாள். என்னோடு பேசவில்லை.

நவம்பர் 2, சனி

பிலோமினா கல்லறைக்குக் கிளம்பினாள். மெழுகுவத்தி ஒன்று தரட்டுமா என்றாள். அக்காவுக்குக் குழி இல்லை, கடலில் கரைத்தாயிற்று என்றேன்.

யாழினியும் மாப்பிள்ளையும் இன்று காலை புறப்பட்டார்கள். மாப்பிள்ளை பைகளைக் காடியில் வைத்துக்கொண்டிருந்தார். இவள் திரும்பி வந்து கேட்டருகே நின்றாள். மூன்று நாளுக்குப் பிறகு இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ம்மா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி நான் ரூம்ல சேலை கட்டிக்கிட்டிருந்தேன். கேட்டுல சத்தம் கேட்டுச்சு. யாரும்மான்னு கேட்டேன். ரொட்டிக்காரருன்னு சொன்னீங்க."

"ஆமாம்" என்றேன்.

"பெரியம்மா அதைக் கேட்டிருப்பாங்களா?"

அன்று நான் வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சத்தமாகத்தான் சொன்னேன். அக்கா எனக்கு இரண்டடி தள்ளி நின்றாள். கேட்டாள். அதற்குப் பிறகு அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தானாகவே போய் என் காடியின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.